பிள்ளை வாயால் வந்த நம்பர்

தம்பி,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டு ஆரம்பிக்கலாம்தான். அதையெல்லாம் உன் அம்மா தினமும் போனில் கேட்டுவிட்டு, நீ சொல்லும் பதிலை என் காதில் விழும்படி சத்தமாகத் திருப்பிச் சொல்கிறாள். நான் கூப்பிட்டால் மட்டும் உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. மூன்று வாரமாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியபோது கிலோமீட்டர் கணக்கு எழுதியதைத் தவிர பேனாவைப் பெரிதாகத் தொட்டதில்லை. பிழை இருந்தால் மருமகளிடம் கொடுத்துத் திருத்திக்கொள். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அவளும் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் செய்த காரியத்தை நம் ஆட்கள் எத்தனையோ வீடுகளில் செய்கிறார்கள், சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

பாப்பாவின் நாலாவது பிறந்தநாள் நம் வீட்டில்தான் நடந்தது. மதியம் கேக் வெட்டியாயிற்று. நம் மலாக்கா புக்கிட் ரம்பாய் வெயில் எப்படி என்று உனக்குத் தெரியும், இரண்டு காற்றாடியும் சுற்றிக்கொண்டிருந்தன, வந்தவர்கள் மீகூன் சேமியாத் தட்டோடு ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா தரையில் பலூன்களை அடுக்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒன், டூ, தீகா, நாலு, சிக்ஸ்" என்று மூன்று மொழியையும் ஒரே மூச்சில் கலக்கி அவள் எண்ணியதும் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்குச் சனிக்கிழமை, நான்கு எண் லாட்டரியின் குலுக்கல் நாள். குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "செல்லம், தாத்தாவுக்கு ஒரு நம்பர் சொல்லு. நாலே நாலு" என்றேன். நீ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாய். பாப்பாவைத் தூக்கினாய். மருமகளிடம் "பேக் எடு" என்றாய். உன் அம்மா மீதிக் கேக்கை டப்பாவில் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் ஓடினாள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாச்சு தம்பிக்கு?" என்று கேட்டவர்களிடம், "வேலை அவசரம்" என்று பொய் சொன்னேன்.

அடுத்த மாதம் ஜொகூருக்குக் குடிபோகிறாய். போவதற்கு முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று அம்மா சொன்னதற்கு, "பாக்கலாம்மா" என்றாயாம். நம் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான். பாப்பா இந்த வாசலை இனிமேல் மிதிப்பாளா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்பதற்கு முன்னால், நீ ஏன் அப்படி எழுந்து போனாய் என்பது எனக்குத் தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். மருமகளுக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய். உனக்கேகூட பாதிதான் ஞாபகம் இருக்கும். மீதி என்னிடம் இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நம்பர் வாங்குவது எனக்குப் பிடிக்கும். வயதான காலத்தில் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். சுழியம் சுழியம் சுழியம் சுழியத்திலிருந்து நான்கு ஒன்பது வரைக்கும் பத்தாயிரம் எண்கள். அதில் நீ ஒன்றைப் பிடிக்கிறாய். யாரோ எங்கேயோ ஒரு பெட்டிக்குள் உருண்டைகளைச் சுழற்றுகிறார்கள். பத்தாயிரத்தில் ஒன்று வெளியே வருகிறது. நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. அந்த உருண்டைக்கு நம் பெயர் தெரியாது, நம் கஷ்டம் தெரியாது, போன வாரம் என்ன வந்தது என்பதுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்று நம் பக்கம் திரும்பிப் பார்த்துவிடாதா என்று காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் நாம் இருந்த காலத்தில் நம் சனங்கள் எதைப் பார்த்தாலும் நான்கு எண்ணாகத்தான் பார்ப்பார்கள். முச்சந்தியில் இரண்டு கார் மோதிக்கொண்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிளேட் நம்பர் எஸ்டேட் முழுக்கப் பரவிவிடும். செம்பனை மரத்தடியில் மலைப்பாம்பு அடிபட்டால், பாம்புக்கு என்ன நம்பர் என்று கனவுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டே பிண வண்டியின் நம்பரை ஓரக்கண்ணால் பார்த்து வைத்த ஆட்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். நம் ஆட்களுக்குக் கணக்கு வராது என்று சொல்கிறவர்களை அந்த லயத்து வரிசை வீடுகளில் ஒரு வாரம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

அப்போது நான் எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகிற லாரி. உனக்கு நாலு வயது. பாலர் பள்ளியில் அப்போதுதான் எண் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நம்பர் வாங்க ஜாசினுக்குப் புறப்பட்டேன். அந்த வாரம் விபத்தும் இல்லை, கனவும் இல்லை, எதைப் போடுவது என்று தெரியவில்லை. நீ வாசலில் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாய். "தம்பி, அப்பாவுக்கு ஒரு நம்பர் சொல்லுடா" என்றேன், விளையாட்டாகத்தான். நீ தலையைத் தூக்காமலே நான்கு எண் சொன்னாய். அதில் ஓர் ஏழு இருந்தது. உனக்கு 'ழ' வராது, 'ஏயு' என்றாய். அந்த நம்பரை இங்கே முழுதாக எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதம் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் அடுத்த புதன்கிழமையே வாங்கிவிடுவார்கள்.

மறுநாள் காலை ஜாசின் பசாரில் மீன் வாங்கிவிட்டு, சீனர் காப்பிக்கடையில் பேப்பரைப் பிரித்தேன். முதல் பரிசு. டிக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கடைக்காரத் தவுக்கே என் முகத்தைப் பார்த்து, "கெனா கா?" என்றார், அடித்துவிட்டதா என்று. டிக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தித் தலையை ஆட்டினேன். தம்பி, பணத்தைப் பற்றி அந்த நிமிடம் நான் நினைக்கவே இல்லை, நம்பினால் நம்பு. ஒரு வெள்ளிப் பணம்தான் போட்டிருந்தேன். 'ஏயு' என்று சொல்கிற ஒரு வாய், அந்தப் பத்தாயிரத்துக்குள் நேராகப் போய் ஒன்றைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறதே என்றுதான் எனக்கு மலைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது நீ தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. என் பிள்ளைதானா என்று நின்று பார்த்தேன். அந்த மலைப்பு பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் தப்பு.

அந்தப் பணத்தில் குளிர்பதனப் பெட்டி வந்தது, நம் லயத்தில் முதல் பெட்டி. பெட்டி வந்தால் செய்தி பரவாமல் இருக்குமா? முதலில் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் அண்ணன் வந்தார், நீ பெரியப்பா என்று கூப்பிடுவாயே, அவர்தான். கையில் பிஸ்கட் டின். "ஐயா, பெரியப்பாவுக்கும் ஒன்னு சொல்லேன்" என்று உன்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நீ டின்னைத் திறந்துகொண்டே நான்கு எண் சொன்னாய். அது வரவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து வேறொருவருக்குச் சொன்னது ஆறுதல் பரிசில் வந்துவிட்டது. அது போதாதா? புதன், சனி, ஞாயிறு என்றால் நம் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அடுத்த எஸ்டேட்டிலிருந்தும் வந்தார்கள். ஐஸ்கிரீம், பொம்மைக் கார், வெடிக்கிற துப்பாக்கி. ஓர் அம்மா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டார், நீ கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாய்.

இனிமேல் எழுதப்போவதை என் கை எழுத மறுக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வந்தவர்களை நான் விரட்டவில்லை. விரட்டாதது மட்டுமா? குலுக்கல் நாளில் உன்னைக் காலையிலேயே குளிப்பாட்டினேன். திருநீறு பூசினேன். சாமி படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். விளையாடுகிற நேரத்தில் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறாய், அமைதியாக இருந்தால் நன்றாக வரும் என்று நானே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "போதும்லா, புள்ளைய விடுங்க. அவன் என்னா சாமியா?" என்பாள். "ஒனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு" என்பேன். நீ அந்த நாற்காலியில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பாய். நாலு வயதுப் பிள்ளை காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வாரக்கணக்காக, மாதக்கணக்காக வரவில்லை. யாரும் உன்னைத் திட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். "நேத்து சொன்னது வரலியே ஐயா, இன்னைக்கி நல்லா யோசிச்சு சொல்லு." அன்பாகச் சொன்னதால்தான் அது உனக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்று இப்போது தோன்றுகிறது. நீயும் யோசிக்க ஆரம்பித்தாய். எண் சொல்வதற்கு முன்னால் கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பாய். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, "இல்ல, இல்ல, அது வேணாம்" என்று மாற்றுவாய். அந்த வருடம் போனஸ் வந்தபோது கோவிந்தன் அண்ணன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்ற ஆசையில், நீ சொன்ன எண்ணில் என்னிடம்கூடச் சொல்லாமல் பெரிதாகப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் மனைவி ஏதோ சொல்லப்போக, "புள்ள மேல தப்பு இல்ல" என்றார். நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நீ நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு கூட்டம் நின்றது, நானும் கேட்பதை விட்டேன். முடிந்துபோன கதை என்று நினைத்துக்கொண்டேன். முதலாம் ஆண்டில் உன்னைச் சேர்த்து இரண்டு மாதம் ஆனதும் டீச்சர் என்னை வரச் சொன்னார். எஸ்டேட் தமிழ்ப்பள்ளி, வகுப்பில் மொத்தமே பதினோரு பிள்ளைகள். டீச்சர் சின்ன வயது, மலாக்காவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். உன் நோட்டைக் காட்டினார். கணக்கெல்லாம் சரி, பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. "ஆனா வாயத் தெறந்து சொல்ல மாட்டேங்கறான் அண்ணே. மூணும் நாலும் எத்தனைன்னா பலகையில எழுதுவான். சொல்லச் சொன்னா கண்ணு கலங்குது. ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும்கூட சொல்ல மாட்டேங்கறான். பாட்டு பாடறான், கதை சொல்றான், நம்பர் மட்டும் வரமாட்டேங்குது." நீ சுவரோரமாக நின்றிருந்தாய். டீச்சர் உன் முன்னால் மண்டிபோட்டு, "ஏன் ராஜா, டீச்சர்கிட்ட மட்டும் சொல்லு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு டீச்சரின் காதில் ஏதோ சொன்னாய். அவர் எழுந்து, குழப்பத்தோடு என்னிடம் கேட்டார், "தப்பா சொன்னா பெரியப்பா அழுவாங்களாம். யாரு அந்தப் பெரியப்பா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் கூச்ச சுபாவம் டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். லாரி பழம் ஏற்றாமல் நிற்கிறது, நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன். குலுக்கல் நாற்காலியில் உன்னை உட்கார வைத்ததைவிட, அந்த வகுப்பில் உண்மையைச் சொல்லாமல் வந்ததுதான் பெரிய தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. உன் கண்முன்னால் நான் உன்னைக் கைவிட்டேன். ஆறு வயது முடிந்த பிள்ளை, ஊரார் இழந்ததையெல்லாம் தன் வாயில் சுமந்துகொண்டு அங்கே நின்றது. அதை நினைக்கும்போதெல்லாம், இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய நியாயம் எப்படி உட்கார்ந்தது என்று எனக்கு ஆச்சரியம் தாங்காது. முதல் பரிசு வந்த அன்றைக்கு எனக்கு வந்த மலைப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உன்னைச் சரிப்படுத்தியது உன் அம்மா. அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். நாலாவது நாள் துணி காயப்போடும்போது உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளிப்புகளை எண்ணினாள். "ஒன்னு, ரெண்டு, ஒம்பது, அஞ்சு" என்று தாறுமாறாக எண்ணினாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். மறுநாளும் அப்படியே எண்ணினாள். முட்டையைத் தப்பாக எண்ணினாள், வெங்காயத்தைத் தப்பாக எண்ணினாள், எண்ணிவிட்டுச் சிரித்தாள். யாரும் அழவில்லை, எதுவும் கெட்டுப்போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து உன் குரல் கேட்டது, எரிச்சலோடு. "ஐயோ அம்மா, மூணும்மா! ரெண்டுக்கு அப்புறம் மூணு!" நான் அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருடம் எஸ்டேட்டை விட்டு புக்கிட் ரம்பாய்க்கு வந்தோம். பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்த வாசலில் இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் நம்பர் வாங்குவதை விடவில்லை, அது உனக்குக் கோபம். ஒரே சாலையில் ஒரே பஸ், காலையில் ஆட்களை ஏற்றி, சாயங்காலம் இறக்கி. சட்டைப்பையில் ஒரு டிக்கெட் இருந்தால் அன்றைக்கு அந்தச் சாலை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். பணம் கொடுத்து நான் வாங்குவது அந்தச் சில மணி நேரத்தைத்தான். ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளி, வீட்டுச் சாமான் வாங்கி முடித்த பிறகு, அதற்கு மேல் இல்லை. இதைக் கற்றுக்கொள்ளவும் எனக்கு ஒரு அடி தேவைப்பட்டது. ஒரு சமயம் ஒரே நம்பரை ஏழு வாரம் துரத்தினேன். விட்டால் வந்துவிடுமோ என்ற பயம், வாராவாரம் கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் போட்டேன். உன் அம்மா சத்தம் போட்டதும் எட்டாவது வாரம் விட்டேன். ஒன்பதாவது வாரம் வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. யாரோ என் வீட்டுக்குள் புகுந்து திருடிவிட்டுப் போன மாதிரி இருந்தது. பிறகு ஒரு காலையில் பஸ்ஸை எடுக்கும்போது திடீரென்று தோன்றியது, என்னிடமிருந்து எதுவும் போகவில்லையே, சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, எப்போதுமே என்னிடம் இல்லாத ஒன்றுக்காக ஏன் துக்கம் காக்கிறேன்? அன்றிலிருந்து எந்த நம்பரையும் நான் துரத்துவதில்லை. வந்தால் சிரிப்பேன், வராவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவேன். விளையாடுகிறவன் இழப்பதற்கு என்று எடுத்து வைத்ததை மட்டும் இழக்க வேண்டும். நான் உன் குரலை எடுத்து வைத்துவிட்டேன், அது என்னுடையதே இல்லை.

போன தீபாவளிக்கு மருமகள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஆபீஸ் டின்னர்ல லக்கி டிராவுக்குக்கூட இவர் பேர் எழுத மாட்டாரு மாமா. சும்மா குடுக்கறதுதானேன்னா, எனக்கு வேணாம்லாங்கறாரு." நான் சிரிக்கவில்லை. ஜொகூர் வேலைக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே கூப்பிட்டார்களாமே, நீ போகலாமா வேண்டாமா என்று சொல்லவே இல்லையாமே, அதையும் அவள்தான் சொன்னாள். சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்து வாயை மூடிக்கொள்கிற அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். அதனால் நீ இந்த வருடம் சரி என்று சொல்லிவிட்டாய் என்று கேள்விப்பட்டதும், பத்தாயிரத்தில் ஒன்று வந்தது போல இருந்தது எனக்கு. பெரிய ஊர், புதிய வேலை, பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம். சரியாக வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது, இருந்தும் வாயைத் திறந்து சொல்லிவிட்டாய். சரியாக வராவிட்டால் திரும்பி வா. யாரும் அழ மாட்டார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். நீ கவனித்தாயோ இல்லையோ, ஒன்று நடந்தது. நீ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது பாப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். தாத்தா கேட்டாரே, பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தாள் போலிருக்கிறது. விரலை மடக்கி மடக்கி நான்கு எண் கத்திச் சொன்னாள். கார் திரும்பிப் போய்விட்டது. நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கேட்டது காதைவிட்டுப் போகவில்லை.

ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், வாங்கத்தான் போனேன். முப்பது வருடத்துக்கு முன் ஜாசினுக்குப் புறப்பட்ட அதே அவசரம். வரிசையில் ஆறு பேர். என் முறை வந்ததும் கவுண்டர் பெண் வழக்கம் போல, "ஹரி இனி பெராப்பா, அங்கிள்?" என்றாள், இன்றைக்கு என்ன நம்பர் என்று. வாய் திறந்தேன். வரவில்லை. எனக்கு எண் சொல்ல வரவில்லை, தம்பி. பின்னால் நின்றவர் "சீக்கிரம்லா" என்றார். ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். அந்தப் பெண் "சாகிட் கா, அங்கிள்?" என்று கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. ஆமாம் என்றேன்.

அன்று முடிவு வரும் நேரத்துக்குப் போனை அணைத்து வைத்தேன். மறுநாள் பேப்பர் வாங்கவில்லை. டிக்கெட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நாற்பது வருடத்தில் ஒரு முடிவைக்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை. காருக்குப் பக்கத்தில் நின்று கேட்ட உன் அம்மா முடிவைப் பார்த்துவிட்டாள், அது எனக்குத் தெரிகிறது. வந்ததா வரவில்லையா என்பது மட்டும் அவள் முகத்தில் தெரியவில்லை. முதல் வாரம் அரித்து எடுத்தது. யாரையாவது கேட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. வந்திருந்தால் அவளையும் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன், என்னை எனக்குத் தெரியும். வராமல் போயிருந்தால், பிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டது என்று மனதுக்குள் எங்காவது ஒரு நினைப்பு ஓடும். அவளைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எனக்கு ஒரு நொடிகூட வரக்கூடாது. இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது, சாகும்வரை தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

நீயும் தேடிப் பார்க்காதே. பார்த்திருந்தால் என்னிடம் சொல்லாதே. தாத்தா கேட்டார், அவள் சொன்னாள், அது தப்பும் இல்லை, சரியும் இல்லை. குடிபோவதற்கு முன்னால் ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வா, நீ வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி.

உன் அப்பா